சர்க்கரையில் சாகாதது

"நீதான் பண்ணேன்னு சொல்லிடேன்டி," என்றாள் அக்கா.

துவைத்து மடித்த துணிகளை என் கட்டில்மேல் வைக்க வந்தவள்போல உள்ளே வந்திருந்தாள். சாதாரண நாட்களில் என் துணியை நானே எடுத்துக்கொள்ள வேண்டும். மடித்துக்கொண்டு அவளே வந்தால், தனக்கே பிடிக்காத ஏதோ ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"எதை?" என்றேன், தெரியாததுபோல.

"அந்தத் தொட்டி விஷயத்தைத்தான். நாளைக்குக் காலையில விசாரணையாமே. நீ சின்னப் பொண்ணு, கை தவறிடுச்சுன்னு சொன்னா யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. அவர் அப்படியா? பிரிவுக்கே தலைவர்."

"இதை அத்தான் சொல்லச் சொன்னாரா?"

"அவர் எங்க சொன்னார்? வாயே திறக்கலை. சாப்பிட்டுட்டு சோபாவுல சாஞ்சுக்கிட்டு ஃபேனைப் பாத்துக்கிட்டிருக்கார்."

அத்தான் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். பெருமூச்சு விடுவார். எந்தப் பெருமூச்சுக்கு அக்கா எழுந்து நடப்பாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்து காற்றை வெளியே விட்டே ஒரு குடும்பத்தை நடத்த முடியும் என்பதை இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"என் வேலை போயிடும்க்கா. நான் நிரந்தரம் கூட இல்லை."

"உனக்கு வேற கிடைக்கும். அவருக்கு இந்த வயசுல யார் குடுப்பா?" கட்டிலில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதே. அவருக்கு வேலை போச்சுன்னா பகல் பூரா வீட்டுல இருப்பார்டி. ஞாயித்துக்கிழமையையே என்னால தாங்க முடியலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹாலிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அவள் முகம் உடனே பழையபடி ஆனது.

"என்ன சொல்றே?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்க என்ன இருக்கு? இருக்கறது யார் வீட்டுல?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்கு அது பிடிக்காமல் போயிருக்க வேண்டும். வைத்த துணிகளில் பாதியைத் திரும்ப அள்ளிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது என் துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு என் கைப்பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று கண்ணாடித் தட்டுகள், காகிதத்தில் சுற்றியபடி இருந்தன. அவற்றை வைத்து அத்தானை மாட்டிவிடலாம் என்றுதான் தயார் செய்தேன். ஆனால் அவற்றில் வந்திருந்த விடை நான் எதிர்பார்த்தது அல்ல. எதற்கும் முதலிலிருந்து வரிசையாக யோசித்துப் பார்த்தேன். என் யோசனையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால் வரிசையையாவது விடாமல் பிடித்துக்கொள்வேன்.

நாங்கள் வேலை செய்வது சர்க்கரை ஆலையை ஒட்டிய எத்தனால் ஆலையில். கரும்புச் சாற்றிலிருந்து எடுக்க முடிந்த சர்க்கரையையெல்லாம் எடுத்த பிறகு ஒரு கறுப்புப் பாகு மிஞ்சும். மொலாசஸ் என்போம். அதிலும் சர்க்கரை நிறையவே இருக்கும், ஆனால் கட்டியாக எடுக்க வராது. அந்தப் பாகில் தண்ணீர் கலந்து, ஈஸ்ட் போட்டு, புளிக்க வைத்து, காய்ச்சி வடித்தால் எத்தனால். அது வண்டிகளுக்கு எரிபொருளாகப் போகிறது. அத்தான் புளிக்கவைக்கும் பிரிவுக்குத் தலைவர். நான் அவருடைய ஆய்வகத்தில் தற்காலிக உதவியாள். வாரத்தில் சில மாலைகளில் நுண்ணுயிரியல் டிப்ளமா வகுப்புக்குப் போகிறேன். வேலையை வாங்கிக் கொடுத்தது அத்தான். இதை நான் மறந்துவிடுவேனோ என்ற கவலையில் அவர் வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும்.

பாகில் ஏன் தண்ணீர் கலக்க வேண்டும்? கலக்காவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும். சர்க்கரை அடர்த்தியாக இருந்தால் அது ஈஸ்ட்டின் உடம்பிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். செல் வற்றிச் சுருங்கிப்போகும். ஆனால் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கடைசியில் கழிவுநீராக வெளியே வந்தாக வேண்டும். அதைக் காய்ச்சவும் செலவு, அப்புறப்படுத்தவும் செலவு. கொழகொழப்பான பாகிலேயே உயிரோடிருந்து வேலை செய்யும் ஈஸ்ட் ஒன்று கிடைத்தால் ஆலைக்கு எல்லாப் பக்கமும் லாபம். இதை எங்கேயோ ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு நிபுணர் பேசினார். அத்தான் அந்தக் கூட்டத்துக்கு மதியச் சாப்பாட்டுக்காகப் போனவர். திரும்பி வரும்போது அது அவருடைய சொந்த யோசனையாகிவிட்டிருந்தது.

"ஈஸ்ட்டைப் பழக்கணும்," என்றார் பெரிய மேனேஜரிடம். "குழந்தையை நடக்கப் பழக்கற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையை ஏத்திக்கிட்டே போனா, தாங்கறது தங்கும், தாங்காதது போகும். கடைசியில மிஞ்சறது நம்ம ஈஸ்ட்."

முறை தவறில்லை. அதைச் செய்வதுதான் என் வேலை. ஒரு குடுவையிலிருந்து இன்னொரு குடுவைக்கு ஈஸ்ட்டை மாற்றுவேன். ஒவ்வொரு மாற்றத்திலும் சர்க்கரை கொஞ்சம் கூடும். விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் குடுவையின் வாயைப் பிடித்து, ஈஸ்ட் எடுக்கும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பஞ்சு அடைப்பைச் சுண்டுவிரலில் இடுக்கிக்கொண்டு செய்ய வேண்டும். வெளிக்காற்றும் வெளிக்கையும் படக்கூடாது. முதல் தடவை செய்தபோது பயத்தில் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் குடுவையையே கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அவ்வளவு பயம் தேவையில்லை என்று பக்கத்து மேசை அக்கா சொன்னாள். அவள் ஆய்வகத்தில் மூத்த வேதியியலாளர். எந்நேரமும் தராசுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், தராசு இருக்கும் மூலையில் மட்டும்தான் ஏசி காற்று வரும் என்பதால். தராசு அக்கா என்று பெயர்.

பயமே இல்லாத ஒருவர் தினமும் காலையில் வருவார். அத்தான்.

வந்ததும் குடுவைகளைப் பார்வையிடுவார். பார்வை என்பது சும்மா ஒரு வார்த்தைக்கு. பஞ்சைப் பிடுங்கி எடுத்து, குடுவையின் வாய்க்குள் மூக்கை நுழைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுப்பார். "ஆஹா" என்பார். அப்புறம் பஞ்சைத் திருப்பி வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார், உள்ளே இருந்த முனை வெளியே, வெளியே இருந்த முனை உள்ளே. ஆலையில் அவருக்கு மூக்கர் என்று பெயர். அதை அவர் பட்டம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், விளக்குப் பக்கத்துல வெச்சுத் திறந்தா நல்லது. வெளியில இருந்து ஏதாவது உள்ள போயிடும்," என்று ஒரு தடவை சொன்னேன்.

"எந்த வகுப்புல சொன்னாங்க, உன் சாயங்கால வகுப்புலயா?"

"ஆமா."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து நான் மோந்துக்கிட்டிருக்கேன்மா. ஈஸ்ட் என் மூக்கைப் பாத்தா அடையாளம் கண்டுக்கும்."

தராசு அக்கா சிரித்தாள். மேலதிகாரி நகைச்சுவை சொன்னால் சிரிப்பது அவளுக்கு எடை போடுவதைப்போல, யோசிக்காமல் வரும்.

அத்தானுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன். தெரிந்தவர் ஒருவர் காய்ச்சாமல் வடிகட்டாமல் ஜாடியில் கொடுத்தனுப்புவார். அத்தான் கரண்டியைத் தேட மாட்டார், விரலை விடுவார். தான் குடித்த பிறகு, எங்கள் ஆரோக்கியத்தின் பேரிலும் அக்கறை வந்து, அக்காவுக்கும் எனக்கும் ஒரு தம்ளர் கலந்து தருவார். வேண்டாம் என்றால் முகம் தூக்கிக்கொள்வார். நாங்கள் குடித்துவிடுவோம். கை பிசுபிசுப்போடுதான் மூவரும் நாளைத் தொடங்குவோம்.

சர்க்கரை ஏற ஏற ஈஸ்ட் முதலில் திணறியது. மைக்ராஸ்கோப்பில் நீலச் சாயம் விட்டுப் பார்ப்பேன். செத்த செல்லுக்குள் சாயம் ஏறும். உயிருள்ளது வெள்ளையாகவே இருக்கும். சில வாரங்கள் பார்க்குமிடமெல்லாம் நீலம். அப்புறம் ஒரு கட்டத்தில் திடீரென்று எல்லாம் வெள்ளை. சர்க்கரையை எவ்வளவு கூட்டினாலும் ஒன்றுகூடச் சாகவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். செல்கள் முன்பைவிடச் சிறியவையாக இருந்தன. கொஞ்சம் உருண்டை. இதற்கு நான் கண்டுபிடித்த விளக்கத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கடும் பயிற்சியில் இளைத்துவிட்டன என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்றுகூட ஒரு நிமிடம் இரக்கப்பட்டேன்.

அத்தான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. "சிங்கம்," என்றார். அன்றிலிருந்து அதன் பெயர் சிங்கம். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். உயிரோடிருப்பதையே ஒரு சாதனையாக எடுத்துக்கொள்ளும் மனிதருக்கு அதைவிடப் பெரிய காட்சி கிடைக்காது.

நான் சிங்கத்தைப் புளிக்கவிட்டு, வடித்து, ஆல்கஹால் அளந்தேன். மிகக் குறைவாக இருந்தது. மறுபடி செய்தேன். அதே குறைவு. அத்தானிடம் சொன்னேன்.

"அளவு குறைஞ்சா, முதல்ல அளந்தவங்களைச் சந்தேகப்படணும்," என்றார். "ஆவியை வெளியில விட்டிருப்பே."

விட்டிருப்பேனோ என்று எனக்கும் தோன்றிவிட்டது. ரப்பர் குழாயை மாற்றிவிட்டு மறுபடி அளந்தேன். குறைவு. அவரிடம் திரும்பப் போகவில்லை. அளக்கத் தெரியாத பெண் என்ற பெயர் இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். என் கணக்கில் இது என் பங்கு. சின்னப் பங்கு அல்ல.

பெரிய தொட்டியில் சிங்கத்தை இறக்கும் நாளில் பெரிய மேனேஜர் வந்தார், அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஒருவர் புகைப்படம் எடுத்தார். தண்ணீர் குறைத்த கட்டிப்பாகு. மறுநாள் மேலே நுரை தெரிந்தது. நுரைக்குக் கைதட்டினார்கள். படித்தவர்கள், நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து, நுரையைப் பார்த்துக் கைதட்டினார்கள். அத்தான் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே மூக்கை நீட்டி, கரியமிலவாயு ஏறித் தும்மி, அதற்கும் ஒரு புகைப்படம்.

காய்ச்சி வடித்தபோது எத்தனால் பாதிகூட வரவில்லை. சர்க்கரையில் நிறைய அப்படியே கிடந்தது. தின்றதையும் அது கிளிசரினாக மாற்றித் தன் உடம்புக்குள்ளும் சுற்றிலும் சேர்த்து வைத்திருந்தது. அடர்ந்த சர்க்கரையில் தண்ணீரை இழக்காமல் பிழைக்க அதுதான் அதன் வழி. நன்றாகச் சாப்பிட்டு, பெருகி, சௌகரியமாக இருந்தது. எங்களுக்கு வேண்டியதை மட்டும் செய்யவில்லை. ஒரு தொட்டிப் பாகு முழுவதையும் கழிவுக் குட்டைக்குத் திறந்துவிட்டார்கள். ஆலை முழுக்க அழுகின நாற்றம். அன்று மட்டும் அத்தான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தார்.

அது எங்கள் ஈஸ்ட்டே இல்லை என்பது எனக்கு மாலை வகுப்பில்தான் உறைத்தது. எங்கள் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கொட்டாவி விடுவார்; முதுகைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று அவருக்கு நினைப்பு. தேன், ஜாம் இவற்றில் வாழும் காட்டு ஈஸ்ட்டுகள் சர்க்கரைக்கு அஞ்சாது, உருவத்தில் கொஞ்சம் சின்னது, ஆல்கஹால் பெரிதாகத் தராது என்று இரண்டு கொட்டாவிகளுக்கு நடுவே சொன்னார். தேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் பேனா நின்றுவிட்டது. எங்கிருந்தோ குடுவைக்குள் வந்த ஒன்று, நாங்கள் சர்க்கரையைக் கூட்டக் கூட்ட, எங்கள் ஈஸ்ட்டையெல்லாம் சாகவிட்டுத் தான் மட்டும் வளர்ந்திருக்கிறது. நாங்கள் மாதக்கணக்கில் பழக்கியது யாரையும் இல்லை. வந்து உட்கார்ந்த விருந்தாளிக்குப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உடனே அத்தானின் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது.

கிருமி வளர்க்கிற அகார் கூழில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கண்ணாடித் தட்டுகள் தயாரித்தேன். சாதாரணக் கிருமி அதில் பிழைக்காது. தேனில் வாழ்வது பிழைக்கும். மறுநாள் காலையில் அத்தானிடம் நீட்டினேன்.

"வீட்டுப்பாடம் அத்தான். விரலை இதுல லேசா அழுத்தணும்."

"என் விரலா? பெரிய ஆளுங்க விரல்தான் வேணுமோ?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, ஐந்து விரல்களையும் கையெழுத்துப் போடுகிறவர்போல அழுத்தினார்.

தராசு அக்காவின் விரலையும் எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்பது வகுப்பில் பாடம். அதே பாடத்தின்படி என் விரலையும் மூன்றாவது தட்டில் அழுத்தினேன். அழுத்தியிருக்கவே வேண்டாம். ஆனால் நான் அப்படித்தான். ஒன்றைச் செய்தால் முழுசாகச் செய்யாவிட்டால் தூக்கம் வராது.

சில நாள் கழித்துப் பார்த்தபோது தராசு அக்காவின் தட்டு துடைத்துவிட்டதுபோல இருந்தது. அத்தானின் தட்டில் ஐந்து விரல்களும் பாலாடை நிறத்தில் பூத்திருந்தன. என் தட்டிலும் பூத்திருந்தன. கொஞ்சம் குறைவாக. ஆனால் அதே நிறம், அதே சின்ன உருண்டைச் செல்கள்.

அதைத்தான் அக்கா வெளியே போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தட்டை மட்டும் குப்பையில் போட்டுவிட்டால் கதை முடிந்தது, அத்தான் மாட்டிக்கொள்வார். போட எழுந்தும் போனேன். சமையலறையில் அக்கா அத்தானுக்குப் பாலைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். நான் ஒவ்வொரு தடவையும் கை கழுவினேனா? கழுவியிருப்பேன். சத்தியம் பண்ண முடியுமா? முடியாது. அவர் மோந்ததும் நிஜம், என் விரலில் இருந்ததும் நிஜம். எதைச் சொன்னாலும் இரண்டையும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

விசாரணை நடந்த அறை பிணவறைபோலக் குளிர்ந்திருந்தது. நீளமான மேசை. நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். யாரும் தொடக்கூடாது என்ற மாதிரி அடுக்கியிருந்தது. பெரிய மேனேஜர் நடுவில். குறிப்பெடுக்க ஓர் அம்மா. ஒரு பக்கம் அத்தான், தராசு அக்கா, நான்.

அத்தான் யாரும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். "சார், நான் ஒண்ணு சொல்லிடறேன். சின்னப் பொண்ணு. ஆர்வம் ஜாஸ்தி. பகல்ல வேலை, சாயங்காலம் படிப்பு. களைப்புல கை தவறறது மனுஷ சுபாவம்தான். நான் அவளை மன்னிச்சுட்டேன். நீங்களும் கொஞ்சம் பெரிய மனசு பண்ணணும்."

செய்யாத புகார் ஒன்றை, மன்னித்ததன் வழியாகவே செய்து முடித்துவிட்டார். எனக்கு ஒரு கணம் கைதட்டத் தோன்றியது, நுரைக்குத் தட்டினார்களே அதுபோல.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் பெரிய மேனேஜர்.

தட்டுகளைப் பிரித்து மேசையில் வைத்தேன். தொட்டியில் இருந்தது எங்கள் ஈஸ்ட் இல்லை, தேனில் வாழும் ஒரு காட்டு ஈஸ்ட் என்றேன். அது எங்கள் வீட்டுத் தேனிலிருந்து கைவழியாக வந்திருக்க வேண்டும், இது அத்தான் விரல், இது என் விரல், இது ஒப்பிடுவதற்காகத் தராசு அக்காவுடையது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். வரிசை தவறவில்லை.

அத்தான் தன் தட்டை உற்றுப் பார்த்தார். "இது வீட்டுப்பாடம்னு சொன்னியே?"

"ஆமா அத்தான்."

"ஏமாத்திட்டியே!" என்றார். அவருக்கு அந்த ஒன்றுதான் உறைத்தது.

"ஆக, ரெண்டு பேர் கையிலயும் இருக்கு," என்றார் மேனேஜர். "அப்ப எந்தக் கைன்னு எப்படித் தெரியும்?"

"உறுதியாச் சொல்ல முடியாது சார். நான் விளக்குப் பக்கத்துலதான் திறப்பேன். அத்தான் தினமும் காலையில பஞ்சை எடுத்து மோந்து பார்ப்பார், விளக்கு இல்லாம. ஆய்வகத்துல எல்லாருமே பாத்திருக்காங்க."

மேனேஜர் தராசு அக்காவைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா?"

"நான் தராசைப் பாத்துக்கிட்டிருப்பேன் சார்," என்றாள் தராசு அக்கா.

"தினமுமா?"

"நுணுக்கமான தராசு சார். கண்ணை எடுக்க முடியாது."

குறிப்பெடுக்கும் அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"ஆல்கஹால் குறைவா வருதுன்னு முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். ஒரு தடவை சொன்னேன். அளந்தது தப்புன்னு சொன்னாங்க. அப்புறம் சரியா அளந்தும் நான் திரும்பச் சொல்லலை. அது என் தப்பு."

"அப்படியா?" மேனேஜர் அத்தானிடம் திரும்பினார். "உங்ககிட்ட சொன்னாளா?"

அத்தான் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "ஆய்வகத்துல ஆயிரம் பேச்சு இருக்கும் சார். எதுன்னு ஞாபகம் வெச்சுக்க?" என்றார். அப்புறம் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு வீட்டில் மட்டும் வேலை செய்யும் என்று நான் நினைத்திருந்தேன். மேனேஜர் உடனே தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சரி. பேசிக்கிட்டே இருந்தா ஆகாது. மேல கேக்கறாங்க, நான் ஒரு பேரைச் சொல்லியாகணும். அவங்கவங்க தப்பை ஒத்துக்கிட்டா எனக்கு சுலபம். யாராவது ஒத்துக்கறீங்களா?"

"என் பங்கை ஒத்துக்கறேன் சார்," என்றேன்.

"பங்குன்னா?"

"என் கையில இருந்திருக்கலாம். அளவை திரும்பச் சொல்லலை. அவ்வளவு. பஞ்சை நான் வெறுங்காத்துல திறக்கலை."

மேனேஜர் காத்திருந்தார். தராசு அக்கா மேசையின் விளிம்பைப் பார்த்தாள். அத்தான் பிஸ்கட் ஒன்றை எடுத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதற்குமில்லை. 'நானும் மோந்தேன்' என்று சொன்னால் போதும். அவருக்கு அதனால் வேலை போயிருக்காது. அதிகபட்சம் ஒரு எச்சரிக்கை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த விதத்திலிருந்தே தெரிந்தது.

"வேற யாரும் இல்லையா?" என்றார் மேனேஜர். ஒருவர் கிடைத்துவிட்டதில் அவர் முகம் தெளிந்துவிட்டது. ஒத்துக்கொண்டவள் ஒருத்திதான் இருந்தாள், அதனால் தண்டிக்கவும் ஒருத்தி போதுமாயிருந்தது. பாதி ஒத்துக்கொண்டேன் என்பதை அந்த அம்மாவின் குறிப்பில் எப்படி எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முழுசாகவே எழுதிக்கொண்டார்கள். என் தற்காலிக நியமனம் அத்தோடு முடிந்தது. சிங்கத்தைக் கொதிநீரில் போட்டுவிட்டு, மறுபடி பழைய ஈஸ்ட், பழையபடி தண்ணீர் கலந்த பாகு என்று உத்தரவாயிற்று. நேர்மையாகப் பேசினேன் என்று மேனேஜர் பாராட்டவும் செய்தார். பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

மாலையில் ஆய்வகத்தில் என் பொருட்களை எடுத்துக்கொண்டேன். ஒரு கோட், இரண்டு பேனா, செருப்பு. தராசு அக்கா கண்ணில் ஈரத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் குடும்பம் இருக்குல்ல," என்றாள்.

"தெரியும்க்கா," என்றேன். அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் இவளை நம்பித் தண்ணீர் கேட்டால் இவள் எந்தப் பக்கம் பார்ப்பாள் என்று யோசித்தேன்.

அன்று வகுப்பு இருந்தது. ஆலை வாசலிலிருந்த பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். அத்தான் பின்னாலேயே வேகமாக வந்தார். வண்டியை வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார், மேல்மூச்சு வாங்கியது.

"தைரியமா இரும்மா. உன்னை நான் கைவிட மாட்டேன்."

நான் பேருந்து வரும் திசையைப் பார்த்தேன்.

"பக்கத்து ஆலையில எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார். ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன். அங்க நான் சொன்னா நடக்கும்."

"சரி."

"அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"என்னன்னு?"

"நீயா முன்வந்து ஒத்துக்கிட்டேன்னு. அவளுக்குப் பெருமையா இருக்கும்."

தெருவில் லாரிகள் கரும்பை ஏற்றிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தன. ஓட்டுநர் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடியே சொன்னேன், "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எங்க?"

"அந்த ரூம்ல."

"என்ன வார்த்தை?" என்றார் அத்தான்.

நடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். திரும்பி முகத்தைப் பார்த்தேன். நெற்றி சுருங்கியிருந்தது. உதவி செய்யத் தயாராக இருக்கும் ஒருவரின் முகம். எந்த வார்த்தை என்று நான் சொன்னால் இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்போல நின்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

காலையிலிருந்து நெஞ்சில் கட்டிக்கொண்டிருந்த கோபம் அப்போது போய்விட்டது. நல்லபடியாகப் போகவில்லை. கோபப்பட வேண்டுமென்றால் எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும். அங்கே சட்டையும் மூக்கும் மட்டும் நின்றுகொண்டிருந்தன. இவரிடம் ஒரு வார்த்தையை எதிர்பார்த்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேனே என்று என்மேல்தான் எரிச்சல் வந்தது.

"ஒண்ணுமில்ல," என்றேன். "கொஞ்சம் தள்ளிக்குங்க, பஸ் வருது."

அவர் தள்ளி நின்றார். நான் ஏறினேன்.